நாலு நாள் டிரயல்

கன்ட்ராக்டர் வேதகிரி முதலியாருக்குச் சம்பளம் என்ற சொல் மட்டும் காதில் விழாது. மற்றபடி அவர் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. அடுத்த தெருவில் செங்கல் வண்டி வந்து கொட்டினால், எத்தனை கல் உடைந்தது என்று ஈஸிசேரில் படுத்தபடியே சொல்லுவார். எதிரே நிற்கிறவன் "சம்பளம்..." என்று இழுத்தால் போதும், மனிதர் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அக்பர் பாஷா இழுத்தான். முதலியார் குரோட்டன்ஸைப் பார்த்தார்.

மாம்பலத்தில் பனகல் பார்க்குக்குப் பின்னால் புதிதாக எழுந்த பங்களாக்களில் ஒன்று அது. வாசல் தூண்கள் இரண்டின்மேலும் ஆளுக்கொரு சிமெண்டுச் சிங்கம். அவற்றில் ஒன்றுக்கு வால் கிடையாது. வால் பிடிப்பதற்கு முன்னால் கூலித் தகராறு வந்து கொத்தனார் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் அக்பர் பாஷா அந்த வாலில்லாச் சிங்கத்துக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பியிருப்பான்.

பத்திரிகையில் விளம்பரம் பார்த்து வந்தவன் அவன். அனுபவமுள்ள மோட்டார் டிரைவர் தேவை, தகுதிக்கேற்ற சம்பளம் என்று போட்டிருந்தது. தகுதிக்கு என்ன குறைச்சல்? அடையாற்றில் ஒரு டாக்டர் துரையிடம் எட்டு வருஷம் வண்டி ஓட்டியவன். ஒரு நாய்மேல்கூட ஏற்றியதில்லை. முப்பது ரூபாய் சம்பளம். பங்குனியில் துரை கப்பலேறிப் போய்விட்டார். போகும்போது நாலு வரி நற்சான்று எழுதிக் கொடுத்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை வைத்துக்கொண்டு அக்பர் பாஷா மூன்று மாதமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறான்.

முதலியார் நற்சான்றை வாங்கிப் படித்தார். பிறகு கேள்விகள். ரிப்பேர் தெரியுமா? வண்டி கழுவுவாயா? வண்டி இல்லாத நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விடுவாயா? மாடு கறக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, வந்தவனுடைய ஒரே கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னார்.

"நாலு நாள் ஓட்டிக் காட்டுப்பா. கை எப்படி இருக்குன்னு பாக்கணுமில்லே? சம்பளம் எங்கே ஓடிப்போவுது? டிரயல் முடியட்டும், பேசிக்கலாம்."

அக்பர் பாஷாவுக்கு அது சரியாகப் படவில்லை. வேலையை ஏற்றுக்கொள்வதற்கு முன் பேசுவதுதான் பேச்சு, ஏற்றுக்கொண்ட பிறகு பேசுவது கெஞ்சல் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தலையாட்டினான். காரணம் வீட்டில் இருந்தது.

ஜாம் பஜார் சந்தில் அவன் வீடு. அவன் மனைவி கமர் ஜஹான் மரச்சட்டத்தில் வெல்வெட்டு இழுத்துக் கட்டி, அதில் ஜரிகையால் பூவும் இலையும் தைக்கிறவள். துரை போன பிறகு அந்த ஊசிதான் அடுப்பை எரிய வைத்தது. இரண்டு மாதமாக அவள் கண்ணில் நீர் வடிந்தது. எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் காட்டினார்கள். ஊசியை இன்றைக்கே கீழே வைத்தால் கண் தங்கும், இப்படியே ஓட்டினால் வருஷத்துக்குள் ஊசி எது விரல் எது என்று தெரியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கமர் ஜஹான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள். முப்பது ரூபாய் வேலை கிடைத்தால் ஊசியை வைக்கிறேன் என்றாள். முப்பதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் வைக்க மாட்டாள். வாடகை, அரிசி, மருந்து எல்லாம் போட்டுப் பார்த்துத்தான் அந்த எண்ணைச் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆக, அக்பர் பாஷா டிரயலுக்கு ஒப்புக்கொண்டான்.

வண்டிக் கொட்டகை ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கியது. ஆறு பித்தளைப் பொத்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டுமாம், முதலியார் வீட்டு மரியாதையாம். போட்டான். கழுத்துப் பட்டையில் தேங்காயெண்ணெய் நாறியது, நல்லெண்ணெய் நாறியது, ஏதோ மலிவு அத்தர் வேறு. ஒரு தலைக்கு இத்தனை எண்ணெயா என்று நினைத்துக்கொண்டே பைக்குள் கையை விட்டான். பாதி பீடி, டிராம் டிக்கெட்டு, பல் உடைந்த சீப்பு, மடித்து வைத்த ஒரு தொழுகைத் தொப்பி, வேளாங்கண்ணி மாதா டாலர் ஒன்று. தொப்பியும் மாதாவும் ஒரே ஆளுடையதாக இருக்க முடியாதே என்று அவனுக்கு உறைத்தது. யோசிக்க நேரமில்லை. முதலியார் ஹாரனை அமுக்கினார்.

முதல் நாள் லஸ்ஸில் ஒரு வீடு, மந்தைவெளியில் ஒரு வீடு, அடையாற்றில் இரண்டு வீடு என்று கட்டிட வேலை நடக்கும் இடமெல்லாம் சுற்றினார்கள். இரண்டாம் நாள் பின் ஸீட்டில் சுண்ணாம்பு மூட்டை ஏறியது. அந்தப் பெரிய செவர்லே வண்டியில், ஆறு பேர் உட்காரும் மெத்தை ஸீட்டில், சுண்ணாம்பு மூட்டை! டாக்டர் துரை தம் வண்டி ஸீட்டில் பூட்ஸ் தூசி படிந்தாலே முகம் சுளிப்பார். மாத வேலையை இரண்டு நாளில் பிழிந்து எடுத்தார் முதலியார். மத்தியானம் குடிக்க ஒரு டம்ளர் மோர் வந்ததா என்றால் அதுவும் இல்லை. கொட்டகைக்கு வெளியே குழாய் இருக்கிறது என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாம் நாள் சாயந்திரம் பெட்ரோல் போட மவுண்ட் ரோடுக்குப் போனான். பம்பு அடிக்கிற காதர் அவனுக்கு முன்பின் தெரியாதவன். ஆனால் சட்டையைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் சிரித்தான்.

"வா நைனா. இந்தச் சட்டைய நமக்கு நல்லாத் தெரியும். சட்டை பெர்மனென்டு, உள்ள கீற ஆளுதான் மாறிக்கினே கீறான்."

பொங்கலுக்கு அப்புறம் நீ பத்தாவது ஆள் என்றான் காதர். பம்பை அடித்துக்கொண்டே விவரமெல்லாம் சொன்னான். முதலியாருக்கு டிரைவர் என்று ஒருவன் இருந்ததே கிடையாது. விளம்பரம் போடுவார், நாலு நாள் டிரயல் என்பார், நாலாம் நாள் சாயந்திரம்தான் சம்பளப் பேச்சை எடுப்பார். பன்னிரண்டு ரூபாய் என்பார். மோட்டார் ஓட்டத் தெரிந்த எந்த மானஸ்தன் பன்னிரண்டுக்கு நிற்பான்? திட்டிவிட்டுத் தானே போய்விடுவான். அடுத்த வாரம் இன்னொருத்தன் வருவான். நான் யாரையும் போகச் சொன்னதில்லையே, அவனவன் பேராசை பிடித்து ஓடுகிறான் என்று முதலியார் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சம்பளப் பேச்சுதான் அவர் கையில் இருக்கும் கழி, காக்காயை விரட்டுகிற கழி.

"லாசர்னு மந்தவெளி ஆளு ஒருத்தன். புள்ளகுட்டிக்காரன். பன்னண்டே போதும் சாமின்னு கால்ல வுயுந்தான்," என்றான் காதர். "ஒடனே எட்டுன்னுட்டாரு."

அக்பர் பாஷா பைக்குள் இருந்த மாதா டாலரைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு வயிறு எரிந்தது. ஏமாந்தோமே என்றுகூட இல்லை. இப்படி ஒரு அற்பத்தனத்தையும் ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்து, பத்துப் பேர் வயிற்றில் அடித்துவிட்டு, நெற்றியில் பட்டையும் போட்டுக்கொண்டு ராத்திரி தூங்குகிறானே என்றுதான் எரிந்தது. திருடன்கூட ஓட்டைப் பிரித்து இறங்குகிற சிரமம் படுகிறான். இந்த ஆள் ஈஸிசேரில் படுத்தே திருடுகிறான்.

ரோஷக்காரன் அங்கேயே சட்டையைக் கழற்றி வீசியிருப்பான், வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு டிராம் ஏறியிருப்பான். அக்பர் பாஷாவும் ரோஷக்காரன்தான். ஆனால் வீட்டில் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒருத்தி கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு போனால் ரோஷத்தையா அவள் தட்டில் போடுவது? இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று வண்டியைத் திருப்பினான்.

மூன்றாம் நாள் முதலியார் குழைவாகப் பேசினார். நாளைக்குச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள், பொத்தானைப் புளி போட்டுத் துலக்கு, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றார். அவருடைய ஒரே மகளைத் தம் பையனுக்குப் பெண் பார்க்கச் சோளிங்கரிலிருந்து மிராசுதார் ஒருவர் குடும்பத்தோடு வருகிறார். நல்ல இடம், நஞ்சையே நாற்பது காணி. நான்கு நாளும் முடிகிறது, வந்தவர்களையும் கொண்டுவந்து சேர்த்தாகிறது, சாயந்திரம் பன்னிரண்டு ரூபாயைச் சொன்னால் இவன் போய்விடுவான். மறுநாளைக்கு வேறொருத்தனுக்கு டிரயல் சொல்லியாகிவிட்டது. முதலியார் கணக்கு அப்படி.

நாலாம் நாள் காலை மிராசுதார் ரயிலை விட்டு இறங்கினார். ஒல்லியான கிழவர், மூக்குப்பொடி டப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். பெட்டி தூக்கின கூலிக்காரனிடம் அவன் ஊர், பேர், பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்துத்தான் காசு கொடுத்தார். அந்த மனிதரின் வழக்கம் அது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வேலைக்காரர்களைப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் வந்தவர்களுக்காகச் சிரிப்பார்கள், வேலைக்காரன் முகம்தான் வீட்டைச் சொல்லும் என்பது அவர் கட்சி. பின்னால் அவர் மனைவியும் மைத்துனரும் முதலியாரோடு உட்கார்ந்தார்கள். காற்று வேண்டும் என்று சொல்லி இவர் முன் ஸீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வண்டி மவுண்ட் ரோடில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அக்பர் பாஷா ஓட்டினால் மடியில் வைத்த பால் செம்பு சிந்தாது. மிராசுதாருக்குப் பிடித்துவிட்டது. டிரைவர் வெகு நிதானமாக ஓட்டுகிறாரே, வந்து எத்தனை நாளாகிறது என்று திரும்பிக் கேட்டார்.

பெருமை இருக்கிறதே, அது முதலியாரின் வாயைத் திறந்துவிட்டது.

"நம்ம அக்பர் பாஷாவா? பத்து வருஷமா நம்மகிட்டத்தான். வீட்டுப் பிள்ளை மாதிரி. நம்ம வீட்டுக்கு வந்தவன் எவனும் விட்டுப் போனதில்லீங்க."

பத்து வருஷத்துக்கு முன்னால் மாம்பலத்தில் பாதி ஏரியாகக் கிடந்தது. முதலியார் அப்போது வாடகைச் சைக்கிளில் வந்து கொத்தனாருக்குச் சித்தாள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மோட்டாராம், டிரைவராம், பத்து வருஷமாம்! அக்பர் பாஷா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று.

மிராசுதார் அதோடு விடவில்லை. ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சிவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் பாய், உங்க மொதலியார் என்ன சம்பளம் தராரு?"

பின் ஸீட்டில் இருமல் கேட்டது. முதலியாருக்கு எட்டாத அந்தச் சொல் இப்போது நன்றாகவே எட்டிவிட்டது. அக்பர் பாஷா அவசரப்படவில்லை. குறுக்கே வந்த ஜட்காவுக்கு வழிவிட்டான், கியரை மாற்றினான். பத்து வருஷம் என்று அவரே வாயால் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு?

"முப்பதுல சேந்தேங்க. மொதலாளி வருஷா வருஷம் அவரே கூப்ட்டு ஒரு ரூபா ஏத்துவாரு. நான் வாயத் தொறந்து கேட்டதே கெடையாது. இப்ப நாப்பது ஆயிடிச்சுங்க."

மிராசுதார் தொடையில் தட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும் என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு செய்துவிட்டு நீங்கள் சொல்லிக்கொள்ளவே இல்லையே என்று முதலியாரைக் கேட்டார். அதையெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்வார்களா என்றார் முதலியார். குரல் கடைவாய்ப் பல் பிடுங்கினவன் குரலாக இருந்தது.

பெண்ணும் பிடித்துவிட்டது. பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டு எல்லாம் முறைப்படி ஆயிற்று. வந்தவர்கள் தங்குவதற்கு மயிலாப்பூரில் உறவுக்காரர் வீடு. சாயந்திரம் முதலியாரும் கூட வந்து அங்கே கொண்டுபோய் விட்டார். நாளைக் காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து தட்டு மாற்றிக்கொள்வோம் என்று இறங்கும்போது மிராசுதார் சொன்னார். அப்புறம் அக்பர் பாஷாவின் தோளில் கை வைத்தார். காலையில் இவரையே அனுப்புங்கள், கல்யாணத்துக்கும் இவர்தான் ஓட்ட வேண்டும், வேறு ஆள் வந்தால் நான் ஏற மாட்டேன் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவருக்கு வேடிக்கை. முதலியாருக்கு முகம் வெளுத்தது.

மாம்பலம் வந்து சேர்ந்து, வண்டி கொட்டகையில் நின்றதும் முதலியார் பாய்ந்தார்.

"நாப்பதுன்னு எவன்டா உன்னைச் சொல்லச் சொன்னது?"

"பத்து வருஷம்னு நீங்க சொன்னீங்க. வருஷத்துக்கு ஒரு ரூபா நான் போட்டேன். இன்னா தப்பு கீது அதுல?"

டிரயல் முடிந்தது, இனிச் சம்பளம் பேசலாம் என்று முதலியார் தம் வழக்கமான கழியை எடுத்தார். பன்னிரண்டு என்றார். அக்பர் பாஷா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். ஊரில் என்ன நிலைமை, பி.ஏ. படித்தவனே இருபதுக்கு அலைகிறான் தெரியுமா என்று உபதேசம் செய்துவிட்டுப் பதினைந்து என்றார். இரண்டாவது பொத்தான் கழன்றது. இருபதுக்கு மூன்றாவது. இருபத்தைந்தும் பழைய வேட்டி இரண்டும் என்றபோது நாலாவது. பழைய வேட்டியாம்! காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் வீட்டு வாசலில் வேறு முகம் போய் நின்றால், பத்து வருஷத்துப் பிள்ளை ஒரு ராத்திரியில் எங்கே போனான் என்று கிழவர் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் நாற்பது காணியும் போகும். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனிதர் வேட்டியில் வந்து நிற்கிறார். பெண்ணின் கல்யாணத்தையே பணயம் வைத்து அஞ்சு ரூபாய் பேரம் பேசுகிற தகப்பனை அக்பர் பாஷா அன்றைக்குத்தான் பார்த்தான்.

"முப்பது," என்றார் முதலியார்.

ஐந்தாவது பொத்தானில் விரல் நின்றது. கமர் ஜஹான் சொன்ன எண் அதுதான். இதற்குமேல் ஒரு காசு வேண்டாம், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே அவள் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். மேலே இழுத்து, நூல் அறுந்து போனால்? அவன் சரி சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொல்லியும் இருப்பான். முதலியார் சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியுமா?

"ஆனா இந்த நாலு நாள் டிரயல். அதுக்குச் சம்பளம் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

அக்பர் பாஷாவுக்கு அந்தக் கழுத்துப் பட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. ஒன்பது பேரின் கூலியில்லாத நாலு நாலு நாள்.

"பத்து வருஷம் வேலை செஞ்சவனுக்கு டிரயல் ஏதுங்க?" என்றான்.

ஐந்தாவதும் ஆறாவதும் கழன்றன. சட்டையை வண்டியின் பானெட்டில் விரித்துப் போட்டான். தொப்பியையும் மாதா டாலரையும் மட்டும் எடுத்துக்கொண்டான். உடையவர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும். வாசலைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. வாலில்லாச் சிங்கத்தின் கீழே வரும்போது பின்னாலிருந்து முனகல் மாதிரி ஒன்று கேட்டது.

அக்பர் பாஷாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எதிர் வீட்டு வேப்பமரத்தை நின்று பார்த்தான்.

"நாப்பது!" என்று கத்தினார் முதலியார். எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "நாப்பதுப்பா. நாலு நாளும் சேத்துத்தான்."

காலையில் ஐந்தரைக்கு வந்துவிடுகிறேன் என்றான் அக்பர் பாஷா. அந்தச் சட்டையை மட்டும் இனிப் போட முடியாது, புதிதாக ஒன்று தைக்க வேண்டும், அதுவரை என் சொந்தச் சட்டையில் வருகிறேன் என்றான். முதலியார் குரோட்டன்ஸ் செடியைப் பார்த்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவன் கிளம்பினான். தெருமுனையில் நின்று, அந்த வீட்டுத் திசையைப் பார்த்து நன்றாகக் காறித் துப்பினான். நாற்பது ரூபாய்க்குச் சலாம் உண்டு, மரியாதை அதில் சேர்ந்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஜன்னலோரம் மிச்சமிருந்த வெளிச்சத்தில் கமர் ஜஹான் சட்டத்தில் குனிந்திருந்தாள். எண்ணைச் சொன்னான். அவள் நம்பவில்லை. இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். நாற்பது ரூபாய் கொடுக்கிறவர் நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும், அல்லா அவரை நன்றாக வைக்கட்டும் என்றாள்.

"நல்ல மனுஷனா? அவன் வீட்டுச் சிங்கத்துக்குக்கூட வால் பாக்கி," என்றான். "சம்பளம்தான் நல்லது. நீ ஊசியைக் கொடு."

இந்த ஒரு இலையை முடித்துவிடுகிறேனே என்றாள் அவள். முடியாது என்றான். அவள் சிரித்துக்கொண்டே ஜரிகையைப் பல்லால் கடித்து அறுத்தாள், ஊசியை இரண்டு விரலில் பிடித்து அவனிடம் நீட்டினாள்.

அவன் கை அவளுக்கு நேராகத்தான் இருந்தது. ஊசி அதற்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்காற்றில் நின்றது. வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

கையை அந்தப் பக்கம் நகர்த்தி, அவள் நீட்டிய இடத்திலேயே வாங்கிக்கொண்டான்.